கரண்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கையெழுத்து

"கரண்டுல கை வைக்கிறதே சாகறதுக்குத் துணிஞ்ச பொழப்பு. இதுக்கு சர்ட்டிபிகேட் வேற தர்றாங்களா மாப்ள?"

2022-ல், என் முப்பத்தேழாவது வயதில், பரீட்சை எழுதக் கிளம்பி வாசல்படி இறங்கியபோது மாமியார் கேட்ட கேள்வி இது. சகுனம் எப்படி? எதிரே பூனை வந்திருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

நான் கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரீஷியன். 'ஈ.பி.காரரா?' என்று கேட்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கரண்ட் போனால் எனக்கு போன் போட்டு, 'எப்பய்யா விடுவீங்க?' என்று திட்டுகிறார்கள். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் என் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டி முடித்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், எங்க வீட்லயும் கரண்ட் இல்ல சார்" என்றேன். போனை வைத்துவிட்டார். கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும்தான் மின்வாரியத்தின் ராஜ்யம். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடுகிற ஒயர், ஸ்விட்ச், ஃபேன், அதில் நீங்கள் வாங்குகிற ஷாக்... இதெல்லாம் என்னைப் போன்றவர்களின் இலாகா. சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, காக்கிச் சட்டையும் கிடையாது. திட்டு மட்டும் பொது.

2001-ல் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டேன். அப்பா கூட்டிக்கொண்டு போய் ஒரு மேஸ்திரியிடம் விட்டார். நாளைக்கு ஐம்பது ரூபாய், இரண்டு டீ, ஒரு வடை. முதல் ஆறு மாதம் ஏணி பிடிப்பதும் உளியால் சுவரை வெட்டுவதும்தான் படிப்பு. என் குருநாதர் பெரிய வித்தைக்காரர். டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். புறங்கையால் ஒயரைத் தட்டி, "வருது" என்பார். "உள்ளங்கையால தொட்டா விரல் மடங்கி ஒயரைப் புடிச்சிக்கும்டா. புறங்கைன்னா உதறி விட்டுடும்" என்று விளக்கம் வேறு. விஞ்ஞானமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், கரண்ட் பட்டால் கை தசை சுருங்கி மூடிக்கொள்ளும். ஆனால் அதைவிட சரியான விஞ்ஞானம் ஒன்று கடையில் பத்து இருபது ரூபாய்க்கு டெஸ்டர் என்ற பெயரில் விற்றது. அதை அவர் கடைசிவரை வாங்கவில்லை.

இப்படிக் கற்றுக்கொண்டவன் உங்கள் வீட்டில் ஒயர் இழுக்கலாமா? சட்டப்படி கூடாது. இது எனக்குத் தெரிய வந்ததே தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான். 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி. பிறகு வந்த 2010, 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதே சங்கதிதான். பல்பு மாற்றலாம், ஃபேன் மாற்றலாம், ஃப்யூஸ் போடலாம், ஸ்விட்ச் மாற்றலாம். இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் புதிதாக ஒயரிங் செய்வதோ, இருக்கிறதைக் கூட்டிக் குறைப்பதோ என்றால், அரசாங்க உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, அனுமதி உள்ள ஆள்தான் செய்யவேண்டும். இதற்கென்று தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. அடியில் வயர்மேன் ஹெல்பர், நடுவில் வயர்மேன், மேலே சூப்பர்வைசர் என்று சான்றிதழில் மூன்று படி. கான்ட்ராக்டர் உரிமத்தில் இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. என்று நாலு ரகம். அதற்கு ஆள் பலம் காட்டவேண்டும், சோதனைக் கருவிகள் சொந்தமாக வைத்திருக்கவேண்டும். பத்தாவது ஃபெயிலான பையன் கையில் ஒரு கட்டிங் பிளேயரோடு அந்த வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அவன் போகவே மாட்டான். ஊரிலேயே அதற்கு மாற்றுவழி வைத்திருந்தோம். அதன் பெயர் கையெழுத்து.

புது வீட்டுக்கு இணைப்பு கேட்கும்போது, ஒயரிங் எல்லாம் ஒழுங்காக முடிந்தது, சோதித்துப் பார்த்தேன் என்று கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். வேலை செய்தது நான். சோதித்தது யாருமில்லை. கையெழுத்துக்கு மட்டும் ஒரு புண்ணியவானிடம் போவேன். இடம் எங்கே, மாடியா ஓடா, வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டார். ரூபாயை எண்ணிவிட்டு, "எத்தனை பாயிண்ட்?" என்பார். நான் சொல்வதை எழுதிக்கொள்வார். பதினைந்து வருஷத்தில் அவர் நான் வேலை செய்த ஒரு வீட்டைக்கூடப் பார்த்ததில்லை. அந்த மனுஷனைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

இந்தக் கையெழுத்து வியாபாரத்தில் எனக்கு மண்டையில் அடித்தாற்போல் ஒரு சம்பவம் நடந்தது. அதற்குக் கல்வராயன் மலைக்கு ஏறவேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை. வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. அப்புறம் சேராப்பட்டு, இன்னாடு, கிளாக்காடு, மணியார்பாளையம் என்று பரந்து கிடக்கிற ஊர்கள். சுற்றுலா வருகிறவர்கள் மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் குளித்துவிட்டு, 'ஆஹா, ஏழைகளின் ஊட்டி' என்று போட்டோ பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அருவிக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புகளுக்கு ஒயர் காயிலையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் ஊட்டியின் அருமை தெரியும். 1976 வரைக்கும் இந்த மலை மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. அந்த வருஷம்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. "தொரை மாருங்க போனாங்க, கரண்ட் வந்துச்சு. ரெண்டுத்தையும் பார்த்தவன் நானு" என்பார் ஒரு பெரியவர். வந்த கரண்டும் ஒரே ஒரு குண்டு பல்புக்குத்தான், குடிசைக்கு ஒன்று.

அந்த ஒற்றை பல்பு ஒயரில்தான் பின்னாளில் எல்லாம் வந்து தொங்கியது. 2006-ல் ஆரம்பித்தது இலவச கலர் டி.வி. 2011 செப்டம்பரில் தொடங்கியது விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். கட்சி பார்த்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உரலிலும் அம்மியிலும் கை தேய்ந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தவன் நான். என் கவலை வேறே. கிரைண்டரைக் கொடுத்தார்கள், அது தாங்குகிற ஒயரிங்கை யாரும் கொடுக்கவில்லை. கிரைண்டரின் பிளக்கில் மூன்று கால். வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டை! மூன்றாவது கால் எர்த். பலபேர் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். கொஞ்சம் வசதியானவர்கள், "புது போர்டு மாட்டிக் குடு" என்று என்னைக் கூப்பிட்டார்கள். 2012-ல் எனக்கு மலையில் ஏகப்பட்ட வேலை.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீடு. அந்த அம்மாவுக்குப் பதினாலு வயதில் ஒரு பையன். நான் வேலை செய்தால் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "அது எதுக்கு? இது எதுக்கு?" என்று உயிரை எடுப்பான். "கரண்ட்டை எப்படிண்ணா நிறுத்தறது?" என்றான். மெயின் போர்டில் இருக்கிற ஃப்யூஸ் கட்டையைக் காட்டி, "இதைப் புடுங்கினா மொத்த வீடும் செத்துப்போகும்" என்றேன். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர் இழுத்தேன். சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், பச்சை எர்த். பச்சையைக் கொண்டுபோய் வெளியில் குழி தோண்டி பைப் இறக்கி முடியவேண்டும். தோண்டினேன். இரண்டடியில் பாறை. சாயங்காலம் ஐந்து மணி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பச்சை ஒயரைச் சுவரோரமாக மடித்து விட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடினேன். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். கையெழுத்து? அது கீழே, கள்ளக்குறிச்சியில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

இருபது நாள் கழித்து அந்த அம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டபோது அது பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லையாம். பையன் பார்த்திருக்கிறான். அம்மாவை இழுக்க ஓடவில்லை. நேராக மெயின் போர்டுக்கு ஓடி ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினான். கையில் தீக்காயத்தோடு அந்த அம்மா பிழைத்தது.

சேதி கேட்டு மறுநாள் ஓடினேன். ஊரே என்னை வாழ்த்துகிறது! "நீங்க சொல்லிக் குடுத்ததாலதானே புள்ள கட்டையைப் புடுங்கிச்சு. தெய்வம் மாதிரி சாமி நீங்க!" நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துப் போட்டார்கள். அந்தச் சோறு இறங்கின விதம் எனக்குத்தான் தெரியும். சாப்பிட்ட கையோடு சுவரோரம் போய், யாரும் பார்க்காதபோது அந்தப் பச்சை ஒயரை மண்ணிலிருந்து எடுத்தேன். அடுத்த நாளும் அங்கேயே தங்கி, பாறை இல்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். ஆபீஸில் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு எரியத் தேவையான கரண்ட் சுமார் 260 மில்லி ஆம்பியர். மனுஷன் இதயத்தைத் தாறுமாறாக்க அதில் பாதிகூட வேண்டாம், 30 மில்லி ஆம்பியருக்கு மேலே போனாலே ஆபத்து வட்டம். 'ஃப்யூஸ் இருக்கே, போயிடுமே' என்பீர்கள். உங்கள் ஃப்யூஸ் போக 5 ஆம்பியராவது வேண்டும். அதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்! ஃப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வந்தவை, ஆளைக் காப்பாற்ற இல்லை. ஆளைக் காப்பாற்றுவது எர்த். கிரைண்டர் உடம்பில் கரண்ட் கசிந்தால் எர்த் வழியாக அது பூமிக்குப் பாயும். எர்த் நன்றாக இருந்து மின்தடை 5 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். ஃப்யூஸ் பொட்டென்று போகும். அதே எர்த் பாறையில் உட்கார்ந்து 60 ஓம் காட்டினால்? நாலு ஆம்பியர்கூட வராது. 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், கிரைண்டர் உங்களுக்காகக் காத்திருக்கும்.

(பத்தாவது கணக்கில் ஃபெயிலானவன் இவ்வளவு வகுத்தல் போடுகிறானே என்று பார்க்கிறீர்களா? எங்கள் கணக்கு வாத்தியார் ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லியிருந்தால் அப்போதே பாஸாகியிருப்பேன்.)

அந்தப் பையனுக்கு வருவோம். பத்தாவது முடித்தான். மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிற கருமந்துறையில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு ஐ.டி.ஐ. உண்டு. எலெக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருஷம். லீவு விட்டால் என்னோடு வேலைக்கு வருவான். இரண்டாம் வருஷ லீவில் ஒருநாள், டீக்கடையில் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்:

"அண்ணா, அன்னிக்கு எங்க வீட்ல பச்சை ஒயர் எங்கண்ணா போச்சு?"

எனக்கு டீ புரையேறியது. "எர்த் இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கணுமே. ஏன் போகலைன்னு ரெண்டு மாசமா யோசிக்கிறேன்" என்றான். சந்தேகம் கேட்கிறானா, குற்றம் சாட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. சொல்லிவிட்டேன். ஐந்து மணி பஸ், பாறை, மண்ணைப் போட்டு மூடியது, கோழிக் குழம்பு... எல்லாம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "சரி வாங்கண்ணா, அந்த வீட்ல ஜங்ஷன் பாக்ஸ் பாக்கி இருக்கு" என்று எழுந்து போனான்.

அதன்பிறகு அவன் ஐ.டி.ஐ. முடித்தான். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் இடம் உண்டு. டிப்ளமோ வாங்கினான். கம்பெனியில் இரண்டு மூன்று வருஷம் வேலை, சூப்பர்வைசர் சான்றிதழ், அப்புறம் கான்ட்ராக்டர் உரிமம். எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் மெகர் என்ற சோதனைப் பெட்டியோடு போவதால் இப்போது மலையில் அவனுக்குப் பெயரே 'மெகர் தம்பி'. ஒயரின் இன்சுலேஷனை ஒன்றில் அளப்பான், எர்த்தை இன்னொன்றில் அளப்பான். அளந்து பார்க்காமல் கையெழுத்துக் கிடையாது. அவனிடம் கையெழுத்து கேட்டுப் போன என் பழைய சகாக்கள் எல்லாம், "ஊரான் வீட்டு எர்த்துக்கு இவன் ஏண்டா குழிக்குள்ள இறங்கறான்?" என்று புலம்பிக்கொண்டு திரும்பினார்கள்.

அவன்தான் என்னைப் பரீட்சைக்குத் தள்ளியது. "உங்களுக்கு ஏத்த வழி ஒண்ணு இருக்குண்ணா" என்று காகிதத்தை நீட்டினான். மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. இருபத்தொரு வயது முடிந்திருக்கவேண்டும், ஒயரிங்கில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. அனுபவம் என்னிடம் இருபது வருஷம் இருந்தது. தைரியம்தான் இல்லை. பரீட்சை ஹாலில் மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவில் நான் நுழைந்தபோது, முதல் பெஞ்சுப் பையன் எழுந்து "குட் மார்னிங் சார்" என்றான். உட்காரடா தம்பி, நானும் உன் ஜாதிதான் என்று சைகை காட்டிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். செய்முறையில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு பக்கமும் ஸ்விட்ச் வைக்கிற இணைப்பு. ஆயிரம் மாடிப்படி பார்த்த கை. அன்றைக்கு மட்டும் உதறியது. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நிற்கும்போது பழக்க தோஷத்தில் புறங்கையால் தொட்டுப் பார்க்கப் போனேன். நல்லவேளை, சட்டென்று நினைவு வந்து டெஸ்டரை எடுத்தேன்.

பாஸ். சான்றிதழில் போட்டிருந்தது: வயர்மேன் ஹெல்பர். வீட்டுக்காரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இருவது வருஷம் கழிச்சு ஹெல்பரா?" என்று ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள். இருந்தாலும் அதை ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதும் அவள்தான்.

வருமானம் எப்படி என்று கேட்கிற நண்பர்களுக்கு: டவுனில் பாயிண்ட் கணக்கு, மலையில் நாள் கணக்கு. செம்பு விலை ஏற ஏற 90 மீட்டர் ஒயர் காயிலின் விலை ஏறும், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வீட்டுக்காரர் கடைக்காரரைத் திட்டமாட்டார், அரசாங்கத்தைத் திட்டமாட்டார், "கூலியில கொஞ்சம் குறைச்சுக்கப்பா" என்று நம்மிடம் வருவார். மலைக்கு ஏற பெட்ரோல் என் செலவு. ஒரு ஸ்க்ரூ மறந்துவிட்டால் அதற்காக இறங்கி ஏறவேண்டும். ஆகவே என் பையில் ஒரு சின்ன ஹார்ட்வேர் கடையே இருக்கும். கூலி சில நாள் பணமாக வரும், சில நாள் மரவள்ளிக்கிழங்காக வரும். கடுக்காய் சீசனில் ஒரு மூட்டை கடுக்காயோடு இறங்கியிருக்கிறேன். என் வீட்டில் யாருக்கும் மலச்சிக்கல் வந்ததே இல்லை. கீழே சின்னசேலம் பக்கம் அரிசி ஆலை, ஜவ்வரிசி ஆலை என்று மோட்டார் வேலைகள் உண்டு. தவிட்டுத் தூசியில் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யவேண்டும். ஆனால் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்துவிடும். கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்தே இருக்கிறது, எங்களைப் போன்ற எலெக்ட்ரீஷியன்களும் அதில் பதியலாம். ஏணியிலிருந்து விழுந்த பிறகு விசாரிக்காமல் ஏறுவதற்கு முன்னால் பதியுங்கள் தம்பிகளா. நான் பதிந்தது விழுந்த பிறகு.

நமக்குச் சம்பந்தமே இல்லாத பழியும் வரும். ஒரு தீபாவளி சமயம். ஒரே தெருவில் ஆறு டி.வி. புகைந்தது. அதில் ஒரு வீட்டில் முந்தின நாள்தான் சீரியல் லைட் கட்டியிருந்தேன். தீர்ந்தது கதை! உண்மையில் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தது. நியூட்ரல் போனால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும்கூட ஏறும். இதை ஆறு வீட்டுக்காரர்களுக்கும் தனித்தனியாகப் பாடம் எடுத்து முடிப்பதற்குள் தீபாவளியே முடிந்துவிட்டது. மலையில் நேர் எதிர்ப் பிரச்னை. விதிப்படி வோல்டேஜ் ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-லிருந்து 244-க்குள் இருக்கவேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகு தூரம் இழுத்த லைனின் கடைசி வீட்டில் சாயங்காலம் என் மீட்டர் 150 காட்டியிருக்கிறது. ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று பந்தயம் கட்டலாம். புது லைன் இழுக்கக் காடு குறுக்கே நிற்கும். 2006 வன உரிமைச் சட்டத்தில் மின்கம்பி போட வழி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குள், குறைந்த மரங்களே வெட்டப்படுகிற மாதிரி இருந்து, கிராமசபை பரிந்துரைத்தால் போதும். இது தெரிந்த ஊர் தீர்மானம் போடுகிறது. தெரியாத ஊர் காத்திருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதில் ஒரு லாபம், மனு கொடுக்க விழுப்புரம் வரை போகவேண்டியதில்லை.

ஒரு வேலையை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் செய்யமாட்டேன். காட்டுப்பன்றிக்கு வேலி. மரவள்ளியைப் பன்றி ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும், விவசாயி வயிறு எரியும், அது நியாயம். "ஒரே ஒரு ஒயர் தம்பி, மோட்டார் கொட்டாயிலருந்து இழுத்து விட்டுடு. காலையில கழட்டிடலாம்" என்பார்கள். கடையில் விற்கிற முறையான வேலிக் கருவி விட்டு விட்டு ஒரு துடிப்புதான் தரும், மிருகம் அதிர்ந்து ஓடும். நேரடியாக இழுத்த 230 வோல்ட் விடாது. பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரர் பையனா என்று அதற்குத் தெரியாது. 2023-ல் தமிழக அரசு மின்வேலிக்கென்றே தனி விதி போட்டு, பதிவு பண்ணவேண்டும் என்றது. மாட்டேன் என்று சொன்ன ஒரு இடத்தில், "பெரிய எலெக்ட்ரீஷியன் வந்துட்டான்" என்று சொல்லி, பழைய பாக்கி எண்ணூறு ரூபாயையும் தராமல் அனுப்பினார்கள். இன்னும் வரவில்லை.

போன வைகாசியில் மெகர் தம்பி போன் செய்தான். அவன் அம்மாவுக்குக் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு முடிகிறது. 360 சதுர அடி. "ஒயரிங் நீங்கதாண்ணா பண்ணணும். கையெழுத்து நான் போடறேன்."

உலகத்தில் எந்த குருவுக்கும் இந்த நிலைமை வரக்கூடாது. மூன்று நாள் வேலை. பவர் பிளக்குக்கு இரண்டரை எம்.எம். ஒயர், ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை, மெயினில் எம்.சி.பி., கூடவே 30 மில்லி ஆம்பியருக்கே கட் ஆகிற ஆர்.சி.சி.பி. எர்த் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஆளைக் காப்பாற்றிவிடுகிற சாமான் அது. இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், செல்போன் கவருக்கே ஐந்நூறு செலவு செய்கிறவர்கள் யோசிக்கலாம். எர்த்துக்கு எட்டடிக் குழி, உப்பு, கரி, ஜி.ஐ. பைப். பாறை வந்தது. இந்த முறை விடவில்லை. ஆள் வைத்து உடைத்தேன். எத்தனை பஸ் போனாலும் போகட்டும்.

நாலாம் நாள் தம்பி பெட்டியோடு வந்தான். மண்ணில் இரண்டு ஆணி அடித்து, ஒயரை மாட்டி, முள்ளைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இருபத்தி மூன்று ஓம்.

"அண்ணா..."

"ஆர்.சி.சி.பி. இருக்குல்லடா? அது புடிச்சிக்கும்."

"அது கெட்டுப்போனா?"

"கோடைடா. மண்ணு காஞ்சிருக்கு. மழை வந்தா இறங்கிடும்."

"கோடையிலயும் அம்மா மாவாட்டுவாங்கண்ணா."

தலையைக் குனிந்து நின்றேன். அவன் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணி துவைக்கிற கல் பக்கமாகப் போய்க் காலால் மண்ணைக் கிளறினான். "இங்க எப்பவும் ஈரம் இருக்கும். இன்னொரு குழி போட்டு ரெண்டையும் சேர்த்துடலாம். நானும் வர்றேன்" என்றான். கையில் கடப்பாரை.

திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கையில் அந்தப் பழைய தழும்பு. முகத்தில் கோபம் எதுவும் இல்லை, பாதி சிரிப்பு மாதிரி இருந்தது.

"என்னா எலெக்ட்ரிக்காரே, இந்த வாட்டியாச்சும் பச்சை ஒயரை மாட்டினியா?"

இவன் எப்போது சொன்னான்? இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு போட்டதா? கேட்க வாய் வரவில்லை. தம்பி கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு துவைக்கிற கல் பக்கம் நடந்தேன்.